வியாழக்கிழமைப் பால்

சலவை அறைப் பலகையில்
ஃப்ராவ் எக்லி எழுதி ஒட்டியிருந்தாள்:
"அதிகாலை மூன்று ஐம்பதுக்கு
மூன்றாம் மாடியில் அறுபடுவது என்ன மிருகம்?"
அடிக்கோடு, இரண்டு.
எங்கள் பெயரைப் போடவில்லை.
மூன்றாம் மாடியில் எங்களைத் தவிர இருப்பது
காது கேளாத ஒரு கிழட்டுப் பூனையும்
அதன் சொந்தக்காரரும்தான்.

மிருகமில்லை, பால்.
எல்லை தாண்டி வைல் நகரில்
மலிவாய் வாங்கிய பால்.
எவர்சில்வர் குவளைக்குள்
நீராவிக் குழாயை அமிழ்த்தினால்
பாசல் முழுக்கக் கேட்கும்படி ஓலமிடும்.

நான் எட்டாம் எண் ட்ராம் ஓட்டுபவன்.
பார்ஃபூசர் சதுக்கத்து வளைவில்
இரும்பு ஏன் கதறுகிறது என்று எனக்குத் தெரியும்:
தண்டவாளத்தின் குற்றமில்லை,
நுழைந்த விதம்.
அப்படியென்றால் இதுவும் என் கைதான்.

ஒரு மாதம் பழகினேன்.
எக்ஸ்பிரசோவை இறக்கிவிட்டு
விளக்கு மறுபடி எரியக் காத்திருந்து
குழாயில் தேங்கிய தண்ணீரைத் துணிக்குள் துப்பவிட்டு
முதல் மூச்சு, மேலேதான்.
நுனி பாலின் தோலைத் தொட்டும் தொடாமலும்.
காகிதம் கிழிபடும் சத்தம்
ஐந்தாறு தரம், சின்னதாக.
பிறகு ஒரு விரற்கடை ஆழம், சற்றே ஓரம்.
பால் தன்னைத்தானே கடையத் தொடங்கும்.
நடுவில் ஒரு சுழி.
பொங்கினால் மங்கலம் என்று வளர்ந்த கைக்கு
பொங்கவிடாதே என்று சொல்லிக்கொடுப்பது சிரமம்.
உள்ளங்கை "போதும்" என்று சொல்லும் நொடிக்கு
ஒரு நொடி முன்னாலேயே மூட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அது கத்தவில்லை.
குவளைக்குள்
புதுச் சுண்ணாம்பு காயாத சுவர் போல் மினுங்கிற்று.
நுரை எது பால் எது என்று பிரிக்க முடியவில்லை.
ஊற்றினேன். இலை வரவில்லை,
ஏதோ வெங்காயம் மாதிரி வந்தது. போகட்டும்.
வயிற்றில் பால் வார்த்ததுபோல என்பார்களே,
அது.

பலகையில் தாளைக் காணோம்.
படியில் ஃப்ராவ் எக்லி முதன்முறையாக
முழு வணக்கம் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது,
சுகிர்தா எழும்பி வருவதேயில்லை.
அந்த ஓலத்துக்குத்தான் அவள்
கண்ணைக் கசக்கிக்கொண்டு, கூந்தல் அவிழ,
இத்தனை நாளும் குசினிக்கு வந்திருக்கிறாள்.
நான் ட்ராமை விட்டு வருமுன்
அவள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவாள்.
அவள் திரும்பும்போது நான் தூங்கிவிடுவேன்.
எங்களுக்கென்று இருந்தது பத்து நிமிடம்.
அதை நானே
சத்தமில்லாமல் மூடிவிட்டேன்.
இரண்டாவது கோப்பை தினமும்
ஆறி, ஏடு கட்டி, மேசையில்.

எழுப்பலாம், தோளைத் தொட்டு.
நாலு மணி நேரத் தூக்கத்தைத் தொட்டுக் கலைக்க
எனக்கு மனம் வராது.
பால் எழுப்பினால் அது பாலின் பழி.

அதனால் வியாழக்கிழமை மட்டும்
முதல் மூச்சைக் கொடுக்காமல்
நுனியை நேரே அடிக்கு இறக்குகிறேன்.
கத்தட்டும்.
வாரத்தில் ஒன்றை
ஃப்ராவ் எக்லி பொறுப்பாள் என்று ஒரு கணக்கு.

கதவு திறக்கிறது.
தட்டையான, கருகல் வாடை அடிக்கும் லாத்தேயை
ஒரு மிடறு குடித்து முகம் சுளிக்கிறாள்.
"இன்னும் பழகேல்லையா உங்களுக்கு?"

"இல்லை" என்கிறேன்,
ஈரத்துணியால் குழாயைத் துடைத்தபடி,
வேண்டுமென்றே மெதுவாக.
இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.