அறுபத்தோராம் பக்கத்து ‘ஒருவேளை’

மின்தூக்கி ஓடாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
நெலிதா எச்செகாராயின் கோப்பை
நான்தான் தயாரிக்கிறேன்.
தகைசால் பேராசிரியர் பட்டத்துக்காகக்
குழு கேட்கிறது:
நூல்கள் எத்தனை, கட்டுரைகள் எத்தனை,
எத்தனை பேர் எடுத்தாண்டார்கள்.
தாக்கம் என்பதற்குத் தனிக் கட்டம்,
நான்கு வரிக்கு மிகாமல்.

உழுதவர் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது.
பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.

நூல்கள் இரண்டு.
கட்டுரைகள் பத்தொன்பது.
போர்த்துக்கீசில் வந்த ஒன்றில்
அவர் பெயரில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது;
அன்றிலிருந்து கணினிக்கு அவர் இரண்டு பெண்கள்.
இளையவர் ஒரே கட்டுரையோடு நிறுத்திக்கொண்டார்.

முப்பது ஆண்டுகள் அவர் படித்தது
செல்லாத வாக்குகளை.

எங்கள் நாட்டில் வாக்கு உறைக்குள் போகிறது.
கட்சிச் சீட்டு இருக்கவேண்டிய இடத்தில்
வேறெது இருந்தாலும் செல்லாது.
அந்த ‘வேறெது’வுக்குள்
அவர் குடியிருந்தார்.

பைசாந்து நகரத்துக் கிடங்கில்
எரிப்பதற்குமுன் பதினோரு நாள் அவகாசம் வாங்கி,
ஜூலைக் குளிரில்
விரல் நுனி வெட்டிய கையுறையோடு
ஒவ்வோர் உறையாகப் பிரித்தார்:
பேருந்துச் சீட்டு.
பிரிஞ்சி இலை.
மருந்துக்கடை ரசீது, தொகைக்குக் கீழே இரண்டு கோடுகள்.
ஒரு நாயின் புகைப்படம், பின்புறம் அதன் பெயர்.
கொழுப்பு ஊறி, உறையே கண்ணாடியாகிப்போன
பன்றியிறைச்சித் துண்டு ஒன்று.
‘குழாயில் தண்ணீர் வரவில்லை’
என்று மட்டும் ஒரு தாள்.
பிறகு அதே கையெழுத்தில்,
அடுத்த தேர்தலின் மூட்டையில்,
‘இன்னும்’.

முதல் நூலின் அறுபத்தோராம் பக்கத்தில் எழுதினார்:
செல்லாத வாக்கு, ஒருவேளை, ஒரு கடிதமாக இருக்கலாம்.

அந்த ஒரு வாக்கியத்துக்கே
நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.
மெக்சிகோவில், லிஸ்பனில்,
வாக்குச்சீட்டே அச்சிடாத ஒரு தேசத்தின்
முனைவர் பட்ட ஆய்வில்.
முதலில் ‘இருக்கலாம்’ உதிர்ந்தது.
அடுத்து ‘ஒருவேளை’.
பத்தாண்டுக்குள் எல்லாரும்
‘செல்லாத வாக்கு ஒரு கடிதம்’ என்றே எழுதினார்கள்,
அடைப்புக்குள் அவர் பெயர்,
ஆணி அடித்ததுபோல்.

அவர் மறுப்பு எழுதினார்.
பதினேழு பக்கம்:
சில உறைகளில் வெறும் மறதி இருந்தது,
சிலவற்றில் விளையாட்டு,
மிகப் பலவற்றில் ஒன்றுமே இல்லை,
ஒன்றுமில்லாததை வாசித்துவிட்டதாகச் சொல்ல
எனக்குத் துணிவில்லை.
அதை எடுத்தாண்டவர் இருவர்.
ஒருவர் அவரே.

வியாழன் மதியம் படியேறி வந்தார்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
மூச்சு அடங்கியதும் கேட்டார்,
‘எத்தனை?’
சொன்னேன்.
‘ஒருவேளையோடு எத்தனை?’

அதை யாரும் கேட்டதில்லை. இருந்தும்
முந்தின இரவு எண்ணி வைத்திருந்தேன்.
ஒன்பது.

மாத்தே தீரும் சத்தம்வரை உறிஞ்சினார்.
‘ஒன்பது பேரா, பரவாயில்லை,
அல்மாதா சாவடியில் அவ்வளவுதான் வருவார்கள்’ என்று
என் நாற்காலிக்கும் சேர்த்து ஊற்றினார்.

அவர் போனபின் கோப்பின் அடியில் ஒரு தபால் அட்டை.
கிச்சோன் ஊரில் உறை பிரிக்கும் எழுத்தர்,
ஒல்கா பிரோத்தோ எழுதியது:
உங்கள் புத்தகத்துக்குப் பிறகு
‘செல்லாது’ முத்திரை குத்துமுன்
ஒருமுறை வாசிக்கிறேன்.
மேலதிகாரிக்கு இதில் எரிச்சல்.
இம்முறை ஒருவர் வெள்ளரி விதை வைத்திருந்தார்.
விதைத்திருக்கிறேன். சட்டப்படி தவறா தெரியவில்லை.

எந்தப் பட்டியலிலும் இது சேராது.
இதழ் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை,
தேதிகூட மழையில் கரைந்திருக்கிறது.

தாக்கம் கட்டத்தில் எழுதினேன்.
எழுத்தைச் சுருக்கினேன். மறுபடி சுருக்கினேன்.
ஐந்தாம் வரியைப் படிவம் ஏற்கவில்லை;
வெள்ளரி வெளியே நிற்கிறது.