இரண்டு கையெழுத்து

பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்ததால்
இரண்டு பேரும் போக வேண்டியதாயிற்று.
ப்ரோக்கன் போவிலிருந்து பெண்டில்டன் வரை
ஆயிரத்துச் சொச்சம் மைல்.
பின்னால் இருபத்திரண்டு அடி நீள வீடு,
உள்ளே யாருமில்லை.

விவாகரத்தின்போது நீதிபதி
நிலத்தைப் பிரித்தார், நாயைக்கூட
வாரம் மாற்றி வாரம் பிரித்தார்.
டிரெய்லரை மறந்துவிட்டார்.
மூன்று வருடம் அது வெர்லினின் கொட்டகையோரம்
ஒரு டயர் சப்பையாகி நின்றது.

ஒகலாலாவில் ஆலங்கட்டி.
கோலிக்குண்டு அளவு என்றான்.
பட்டாணி என்றேன்.
முன்பென்றால் இதிலேயே ஐம்பது மைல் போயிருக்கும்.
பெட்ரோல் பங்கின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினோம்.
பக்கத்தில் மாடு ஏற்றிய லாரி;
இடுக்குகளில் மூக்கை நீட்டி
அவை மழையை முகர்ந்துகொண்டிருந்தன.
கூரை போட்ட சத்தத்தில்
பேசாமலிருப்பது இயல்பாகவே இருந்தது.

ஷயானில் வெயில். ஜன்னலை இறக்கி
முழங்கையை வெளியே வைத்தான்.
லாரமி மேட்டில் பனி கொட்டியது, மே பதினெட்டில்.
சட்டைக்கை வெளுக்கும்வரை
அந்த முழங்கையை உள்ளே எடுக்கவில்லை.

எல்க் மலையடியில் காற்று,
பக்கவாட்டில், சொல்லாமல் கொள்ளாமல்.
டிரெய்லர் முதலில் தோளைக் குலுக்கியது.
பிறகு பின்னால் வருவது
முன்னால் போவதை ஓட்டத் தொடங்கியது.
பிரேக்கை மிதிக்காதே என்று நான் சொல்லவில்லை.
மிதிக்கமாட்டான், தெரியும்.
டிரெய்லருக்கு மட்டுமான அந்தச் சின்ன நெம்புகோலுக்கு
இரண்டு கையும் ஒரே நேரத்தில் போயின.
அவன் கை முதலில்.
அதன்மேல் என் கை இருந்தபோது
இரண்டு மைல்கல் கடந்தன.

ராலின்ஸில் சாலையையே மூடிவிட்டார்கள்.
லாரிகளுக்கு நடுவே ஒரு சந்து.
இறங்கி, குல்லாயைப் பிடித்துக்கொண்டு,
கையசைத்தேன்.
டிரெய்லரின் பின்புறம் வலம் போக
ஸ்டியரிங் இடம் திரும்ப வேண்டும்;
எங்களுக்கு நன்றாக வந்த
ஒரே விஷயம் இது.
வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடி,
வரலாம், போதும்.

இடது சக்கரத்துக்கடியில் ஒரு பலகை.
மட்டக் கண்ணாடிக்குள் குமிழி
தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தது.
ஹீட்டர் பற்ற நாலு தீக்குச்சி.
கரண்டி டிராயரில்
ஒரு பழைய சீட்டாட்டக் கணக்கு:
ஆர்லிஸ் 41, வெர்லின் 39.
கீழே இடமிருந்தது.
விட்ட இடத்திலிருந்து ஆடினோம்.
அவன் ஏமாற்றினான், வழக்கம்போல்.
நான் பார்க்காததுபோல் இருந்தேன்,
அது புதிது.

காலையில் வானம்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
யூட்டாவில் புழுதி. ஐடஹோவில் நாள் முழுக்க
வெங்காய வாசனையோடு ஒரு சோம்பல் தூறல்.
கடைசி மலையிறக்கத்தில், இரண்டாம் கியரில்,
வெயிலும் மழையும் சேர்ந்தே:
எந்தக் காக்காவுக்கும் எந்த நரிக்குமோ கல்யாணம்.

வாங்குபவள் மரிசெலா ஓச்சோவா.
அவளுடைய பையன்கள் இருவரும்
எல்லா டிராயரையும் இழுத்துப் பார்த்தார்கள்.
கோளாறு ஏதாவது உண்டா என்றாள்.
காற்றில் ஆடும் என்றான் வெர்லின்.
இடது ஜன்னல் ஒழுகும் என்றேன்.
அவள் கேட்காமலே நூறு டாலர் குறைத்தோம்.

பானெட்டின் மேல் தாளை வைத்து
பத்திரத்தில் உள்ளபடியே எழுதச் சொன்னாள்.
ஆர்லிஸ் ஹ்ருஸ்கா.
மூன்று வருடம் எழுதாத பெயர்.
கை அதை மறந்திருக்கவில்லை;
மை மட்டும் ஈரத்தில் கொஞ்சம் பரவியது.

திரும்பும்போது டிரக்
எடையில்லாமல் துள்ளியது.
அகலக் கண்ணாடிகளை அவன் மடக்கவில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும்
இல்லாத இருபத்திரண்டு அடிக்கு
இடம் விட்டே திருப்பினான்.
பேக்கர் சிட்டியில் காப்பிக் கடை வாசலில்
ரிவர்ஸ் எடுத்தபோது
என்னையறியாமல் இறங்கிப் பின்னால் போய்
கையசைத்தேன்:
வரலாம்,
வரலாம்.