இடது பின் கதவு

முதலில் மணம்.
பூஞ்சணம், சுருட்டு, நனைந்த குதிரை மயிர்
எல்லாம் ஒன்றாய் ஊறிய மணம்.
நாலு கதவையும் திறந்து வைத்தேன்.
பண்டாரவளை வெயிலுக்குப்
பத்தரையிலிருந்து ஒன்றரை வரைதான் வேலை;
பிறகு எல்ல பக்கமிருந்து மூட்டம் வந்து
காய்ந்ததையெல்லாம் திரும்ப நனைத்துவிடும்.

ஹில்மன். ஐம்பத்தாறாம் ஆண்டு.
“புதுசு மாதிரி வேணும் டெக்லா,
சித்திரைக்கு நுவரெலியாவில ஊர்வலம்”
என்றார் மிஸ்டர் அபேகோன்.
இந்த வண்டி புதுசாய் நின்றதை
அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

சிவப்புத் தோல். அவசரப்பட்டால் உரிந்துவிடும்.
உள்ளங்கையளவு இடம்,
தண்ணீர் வேண்டாம், சவர்க்கார நுரை மட்டும்,
சின்னப் பிள்ளைகள் பல் தீட்டும் பிரஷ்.
துணியில் முதலில் கறுப்பு வரும்,
பிறகு மண்ணிறம்,
பிறகு சிவப்பு.
சிவப்பு வந்தால் கையை எடுக்க வேண்டும்.
அது அழுக்கில்லை, தோலின் சொந்தச் சாயம்.

பின் இருக்கையில் இடது மூலை மட்டும் தேய்ந்திருந்தது.
வலது மூலை கடையிலிருந்து வந்தபடி.
எந்தத் துரையோ,
பக்கத்தில் யாரும் இல்லாமலே போய்வந்திருக்கிறார்.
இருக்கைக்கடியில் மூன்று தேயிலை விதை,
ஒரு கொண்டை ஊசி.
ஆக, ஒருநாளாவது யாரோ.

கூரைத் துணியை எலி கடித்திருந்தது.
ஒட்டுப் போட்டேன். பளீரென்று தனியாய் நின்றது.
டஸ்ட் தூள் நாலு கரண்டி கொதிக்கவைத்து
ஒரு பிடி உப்போடு அந்தத் துணியை முக்கினேன்.
நல்ல தேயிலை கப்பலேறிப் போயாச்சு;
மிஞ்சிய தூளே போதும்
அரைமணியில் அறுபது வருஷம் வயசாக்க.

கட்டுநாயக்காவில் ஆறு வருஷம்
முகம் தெரியாதவர்களின் உள்ளாடைக்கு
இலாஸ்டிக் அடித்த கை இது.
அந்த மெஷின் ஊசி இந்தத் தோலில் முறியும்.
மெழுகு நூல், கோணூசி, விரலுறை,
ஓர் அங்குலத்துக்கு ஏழு தையல்.
பழைய ஓட்டைகளிலேயே ஊசி போக வேண்டும்.

கடைசியாக இடது பின் கதவு.
உட்பலகை வெறும் அட்டை, பனியில் அப்பளமாய் உப்பியிருந்தது.
கழற்றித் திருப்பினேன்.
பென்சில் எழுத்து:

கூலி பாக்கி ரூ. 7.50
தரவில்லை
வீ. காத்தமுத்து 12.8.61

மையாயிருந்தால் பனி குடித்திருக்கும்.

அட்டையை மாற்றத்தான் சொல்லியிருந்தார்.
மாற்றவில்லை.
ஓரங்களுக்கு வார்னிஷ் கொடுத்து
அரிசி மூட்டைக்கடியில் இரண்டு இரவு வைத்து நிமிர்த்தினேன்.

பில்லில் கடைசி வரி:
பழைய பாக்கி, ஏழு ரூபா ஐம்பது சதம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார் அபேகோன்.
“இது என்ன?”
“கதவு வேலை, சேர். முன்னே செய்தவருக்கு.”
“அவர் எங்கே?”
“தெரியாது. கையெழுத்து இருக்கு.”
சிரித்தார். பத்து ரூபா குற்றியை மேசையில் வைத்தார்.
“மிச்சத்தை வச்சுக்கோ.”

வைத்துக்கொண்டால் அது வேறொரு பாக்கி.

ஐந்து ரூபா கிடைத்தது. இரண்டு ரூபா கிடைத்தது.
ஐம்பது சதத்துக்குத்தான் பட்ட பாடு!
“நீ எந்தக் காலத்தில இருக்கா?” என்றாள்
சில்லறைக் கடை சித்தி ஜெஸீமா.
என் பித்தான் டப்பாவிலேயே கிடந்தன,
கறுத்துப்போன இரண்டு.
மிச்சம் இரண்டரை ரூபாவைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டேன்,
அவருடையது அவருக்கு.
ஏழரை ரூபாவைக் கதவுக்குள் போட்டேன்,
துரை கை சாய்த்த இடத்துக்கு ஒரு சாண் கீழே.
எழுத்து உள்பக்கமாய்ப் பார்க்க
அட்டையை வைத்துக் கிளிப் பூட்டினேன்.

சித்திரையில் ஃபோன்.
“டெக்லா, எல்லாரும் கூரைத் துணியைத்தான் கேட்டாங்க,
ஒரிஜினலா என்று.
ஒரே ஒரு விஷயம்.
இடது பின் கதவுக்குள்ள என்னவோ கிலுங்குது.”

“எப்போ, சேர்?”

“பள்ளம் வாறபோதெல்லாம்.”

“பழைய வண்டிதானே, சேர்,” என்றேன்,
வெலிமடை ரோட்டுப் பள்ளங்களை
மனசுக்குள் எண்ணிக்கொண்டு.