ஏழு நொடி

கம்பெனிக்கு ஐம்பதாம் ஆண்டு மலர்.
கருணாம்பிகை பற்றி ஒரு பக்கம், படத்தோடு,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் மேலாளர்.
போன் போட்டேன்.
"என்னத்தங் எழுதறது,
வேலைக்கு வந்தனுங், செஞ்சனுங், நின்னுட்டனுங்."
வைத்துவிட்டார்.

பீளமேட்டுக் கிடங்கில் அவர் நோட்டு கிடைத்தது.
பஞ்சாலைப் பேரேடு.
வரவுப் பத்தியில் முகவரி, பற்றுப் பத்தியில் ஆணை,
எல்லாம் பென்சிலில், பதினாறின் அடுக்கில்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பைட்.
என் போனில் ஒரு காலை வணக்கப் படத்துக்கு
இதைப்போல் நூறு மடங்கு ஆகிறது.

அதற்கும் முன்னால், எழுபத்து மூன்றில்,
சிங்காநல்லூர் மில்லுக்குச் சம்பளக் கணக்கு.
இரண்டாயிரம் துளை அட்டை மடியில்,
கல்லூரிக் கணிப்பொறிக்கு ஒன்பதரை பஸ்.
ஹோப்ஸ் நிறுத்தத்தில் கட்டு அவிழ்ந்து தெருவெல்லாம் அட்டை.
அவர் பதறவில்லையாம்.
கட்டின் விளிம்பில் மூலைக்கு மூலை
சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தார்.
கோடு சேர்ந்தால் வரிசை சேரும்.
சனிக்கிழமை எல்லாருக்கும் சம்பளம்.
கூடவே குனிந்து பொறுக்கிய டைம்கீப்பர் மயில்சாமி சொன்னது இது.
அவர் கணக்கில் அட்டை ஐயாயிரம்.

எண்பத்து நான்கில் பெட்டி.
பல்லடத்தில் கோடையெல்லாம்
ரீவைண்டிங் கடை வாசலில் கருகின மோட்டார் வரிசை.
தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்க வேண்டும்.
மிதவை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு,
கம்பி இறக்கிப் பார்த்தவர்கள் உண்டு.
இவர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை,
மோட்டார் இழுக்கிற கரண்டைப் பார்த்தார்.
நிறைகுடம் தூக்குகிறவள் மூச்சு வேறு,
வெறுங்குடம் தூக்குகிறவள் மூச்சு வேறு.

சிப்பில் எழுதினதை அழிக்க ஊதா விளக்கு வேண்டும்.
கேட்டார். அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள்.
முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் வைத்தார்,
மிளகாய்க்குப் பக்கத்தில்.
சித்திரை வெயிலுக்கு எட்டு நாள்.
நோட்டு ஓரத்தில் இருக்கிறது:
வெச்சது 12. எடுத்தது 11. காக்கா 1.

முதல் பெட்டி ஊதியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு.
கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, பெட்டி இல்லை என்கிறது.
போட்டால் நிற்கிறது. மறுபடி போட்டால் மறுபடி.
தோட்டத்துக்காரர் அதைக் கழற்றி
மாட்டுத்தொட்டி மேல் வைத்துவிட்டார்.
மும்முனைக் கரண்ட் அங்கே ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்.
பஸ் டிக்கெட் ஒட்டியிருக்கிறது, மூன்று ராத்திரிக்கு.
நான்காம் நாள் தேதியில் ஒரே திருத்தம்:
05 அடித்து 07.
ஏன் என்று எழுதவில்லை.

காப்புரிமையில் மூன்று பெயர்.
முதலாளி. முதலாளி மகன்.
கருணாம்பிகை, டைப்பிஸ்ட்.

அப்புறம் சிப் மாறியது, மொழி மாறியது,
கம்பெனி ஒருமுறை கைமாறியது.
ஏழு மாறவில்லை.
நான் சேர்ந்த வருசம் ஒரு புத்திசாலி அதை நான்காக்கினான்.
தாராபுரத்திலிருந்து முந்நூறு பெட்டி திரும்பி வந்தது.
அந்தப் புத்திசாலியின் பெயர் இங்கே வேண்டாம்,
அவன்தான் இதை எழுதுகிறான்.

குழாயில் அடைந்த காற்று வெளியேறுகிற நேரமாக இருக்கலாம்.
காங்கேயத்துக் கரண்ட் நிலைக்கு வருகிற நேரமாக இருக்கலாம்.
இல்லை, கிணற்று மேட்டில் தூக்கம் கண்ணைச் சுழற்ற
கை எழுதினதாகவும் இருக்கலாம்.
மறுபடி போன் போட்டேன்.
"ஏழுங்களா? மறந்து போச்சுங்."
பின்னால் குக்கர் விசில்.
எண்ணிக்கொண்டிருந்தார் போல, மூன்றோடு பேச்சை நிறுத்தினார்.

ஒரு பக்கத்துக்குள் அடக்கி, மெய்ப்பை அவருக்கும் அனுப்பினேன்.
வெள்ளி சாயந்திரம், அச்சுக்குப் போன பிறகு, அவராகவே கூப்பிட்டார்.
ஏழு என்று நினைத்து பேனாவை எடுத்தேன்.
"ஏனுங், அந்த அட்டைக் கட்டுல இழுத்தது
சிவப்பு மை இல்லீங்.
என்ற தங்கச்சி நெயில் பாலிசு.
மையின்னா மழைக்குக் கலைஞ்சு போயிருமுங்."