எதிர்பார்க்கும் முடிவு

மே இருபத்தாறு. தண்டையார்பேட்டையில்
கரண்ட் போய் ஒண்ணேகால் மணி நேரம்.
தரையில் குப்புறப் படுத்து
நீள நோட்டில் கட்டம் போடுகிறேன்:
வாரம், பாடம், செய்முறை,
தேவையான பொருள்,
எதிர்பார்க்கும் முடிவு.

ஆறாம் வகுப்பு. காந்தம்.
பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்கும் பத்தில்
ஏழு, குண்டூசியைக் கூடச் சீண்டுவதில்லை.
போகட்டும்.
ரிச்சி தெருவில் ஓட்டை ஸ்பீக்கர் கிடைக்கும்,
உடைத்தால் உள்ளே ஒன்று.
நூலில் கட்டிக் காசிமேட்டு மணலில்
நாய்க்குட்டி போல இழுத்துப் போனால்
கறுப்பு மணல் மயிர் சிலிர்த்து ஒட்டும்.
அதற்கப்புறம் ‘காந்தப்புலம்’ என்று சொல்லலாம்.
சொல்லாமலும் விடலாம்.

ஏழாம் வகுப்பு. அமிலம், காரம்.
லிட்மஸ் கேட்டு நான் எழுதிய கடிதம்
மண்டல அலுவலகத்தில்
நீலமும் ஆகாமல் சிவப்பும் ஆகாமல் கிடக்கிறது.
ஆகவே மஞ்சள்தூள், கிழிந்த வேட்டி,
எலுமிச்சை, துணி சோப்பு.
போன தடவை மஞ்சள் துணி
சோப்பு பட்டதும் சிவந்தபோது
நஸீமா எழுந்து நின்றாள்:
“மிஸ், சட்டையில கொழம்பு கொட்டுனா
எங்கம்மா இதுக்குத்தான் கத்தும்.”
பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த வரியை
மூன்றாம் வாரத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து கப்பி.
தேசப்பனின் மாமா துறைமுகத்தில்
ஐஸ் பெட்டியை ஒற்றைக் கையால் ஏற்றுகிறார்.
பார்க்க வேண்டும். பீரியட் நாற்பது நிமிஷம்.
போகப் பதினைந்து, வரப் பதினைந்து,
‘வரிசையா நில்லுங்க’ ஆறு.
மிச்சம் நான்கு நிமிஷத்தில்
உலகத்துப் பளுவைப் பாதியாக்கணும்.

எட்டாம் வகுப்புக்குத் தண்ணீர்.
லாரித் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி,
மூன்று பாட்டிலில் ஒரே அளவு சோப்பு.
எது நுரைக்கும் என்று
குடம் தூக்குகிற பிள்ளைகளுக்கு
நான் சொல்லித் தர வேண்டியதில்லை.
ஏன் என்பதற்குத்தான் நான்.

மறுபடி ஆறாம் வகுப்பு. தாவரம்.
இங்கே பேனா நின்றுவிட்டது.

போன வருடம் பச்சைப்பயறு.
ஒரு கப் ஜன்னலில், ஒரு கப் பீரோவுக்குள்.
எட்டாம் நாள் முப்பத்தேழு நோட்டில்
‘இருட்டில் செடி வளராது.’
பீரோவைத் திறப்பதற்கு முன்பே
கரும்பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.
முப்பத்தெட்டாவது ஜெபநேசனுடையது.
ஜன்னல் ஒன்பது செ.மீ.
பீரோ பதினேழு செ.மீ.
‘வெளுப்பா இருக்கு. நிக்க முடியல.
ஆனா ஒசரம்.’
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.
பக்கத்தில், ‘புத்தகத்தைப் பார்.’

பார்த்தான். அழித்தான்.
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

பதினேழு சரி.
வெளிச்சம் எங்கே எங்கே என்று
எட்டி எட்டி வந்த நீளம் அது.
பி.எஸ்சி. முதல் வருடம் நானே படித்தது.
மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
மறக்கவில்லை. குனிந்து பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.

கரண்ட் வந்தது.
ஃபேன் மூன்று பக்கத்தைப் புரட்டிவிட்டது.
திருப்பி எடுத்து, ஐந்தாவது கட்டத்தை
மேலிருந்து கீழாக அடித்தேன்,
ஆறு, ஏழு, எட்டு, மூன்றுக்கும்.
கோணலாகப் போயிற்று கோடு.

தலைமையாசிரியர் கேட்பார்:
“ஒரு காலம் முழுக்க வெறுமையா இருக்கே,
இன்ஸ்பெக்‌ஷன் வந்தா என்ன சொல்லுவீங்க?”
இன்னும் யோசிக்கவில்லை.

வாங்க வேண்டியது:
எலுமிச்சை பதினைந்து, விலை குறைந்தால் இருபது.
பச்சைப்பயறு அரைக் கிலோ.
ஸ்கேல், ஆளுக்கு ஒன்று.
பீரோவுக்கு இன்னொரு சாவி,
பிள்ளைகள் கையில் இருக்க.