டீசலுக்கு

எல் ஆல்ட்டோவில் எனக்குப் பட்டப்பெயர் காற்று.
சிவப்பு விளக்குக்கு நின்றதாய்ச் சரித்திரமில்லை.

இன்று சைக்கிள்காரன் முந்திப் போகிறான்.
பின்னால் ஹாரன்கள் என் அம்மாவை வம்புக்கிழுக்கின்றன.
பின்சீட்டில் இலாரியா. அவள் மடியில்
இன்னும் பெயர் வைக்காத இரண்டு நாள்.

வீடு வந்து இன்ஜினை அணைத்தேன்.
வீறிட்டது.
சாவியைத் திருப்பினேன்.
அடங்கியது.

சுற்றுகிறேன்:
சந்தை, கோழிக்கடை, பாதியில் நிற்கும் தேவாலயம்,
மறுபடி சந்தை.

கழற்ற மறந்த ஊர்ப்பலகையை நம்பி
உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒருத்தி ஏறினாள்.
பார்த்தாள்.
மூட்டையைக் கீழே வைக்கவேயில்லை,
சத்தம் கேட்டுவிடுமென்று.

இறங்கும்போது காசு நீட்டினாள். வேண்டாமென்றேன்.
'டீசலுக்கு'
உதடு மட்டும் அசைந்தது.

மூன்று இரவு கழித்து
இலாரியா வாய்பிளந்து தூங்குகிறாள்.
டீசல் முள் சரிகிறது.

பதினொரு வருடம் ஓட்டிய தெரு.
இந்தப் பள்ளம்
எப்போது வந்தது?