மழை பெய்த மறுநாள்

வாங்கும்போது சொன்னார்கள்:
சிஓஇ இன்னும் மூன்றாண்டு, ஒரே கை,
மோதல் கிடையாது.
விளக்குகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முதல் வாரம் ஏபிஎஸ்.
அப்புறம் ஸ்டியரிங். டயர்க் காற்று. காற்றுப்பை.
ஒரு செவ்வாய்க்கிழமை புக்கிட் தீமா விரைவுச்சாலையில்
எட்டும் ஒன்றாய் எரிந்தன,
தீபாவளிக்கு முந்தைய சிராங்கூன் சாலை மாதிரி.
வியாழனன்று ஒன்றுமே இல்லை.

காக்கி புக்கிட், நான்காம் மாடிப் பட்டறை.
பூன் கியாட் ஸ்கேனரைச் செருகினார்:
பதினேழு பிழைகள்.
ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பாகம், பாகத்துக்கொரு விலை என்று
நின்ற இடத்திலேயே என் போனஸ் கரைந்துகொண்டிருக்க,
அவர் திரையை அணைத்துவிட்டுக் கேட்டது வேறு.
வண்டி எங்கே நிற்கும்?
ஈசூனில், திறந்தவெளி, அங்சானா மரத்தடி.
கடைசியாக எரிந்தது?
மழை பெய்த மறுநாள்.
அதற்கு முன்?
மழை பெய்த
சொல்லும்போதுதான் என் காதிலும் விழுந்தது.

கூரைக்கண்ணாடியின் வடிகுழாயில் கம்பியை விட்டு
இழுத்தார். மஞ்சள் பூக்கள்,
கறுத்துக் கூழாகி ஒரு பிடி.
பயணி இருக்கையின் விரிப்புக்கடியில் குளம்.
குளத்துக்குள் ஒரு ஒயர் முடிச்சு,
பச்சை பூத்து.

பொய் சொல்லவில்லை வண்டி.
வாய் நிறையத் தண்ணீரோடு பேசியிருக்கிறது.

துடைத்து, உலர்த்தி, பதினேழையும் அழித்தார்.
சாவியைத் திருப்பினேன். இருட்டு, நல்ல இருட்டு.
பிறகு ஓர் ஓரத்தில், கூட்டத்தில் இத்தனை நாள் ஒளிந்திருந்தது:
பிரேக் பேட்.

"இது நிஜம்" என்றார் பூன் கியாட்,
கையைத் துடைத்துக்கொண்டே
கால்குலேட்டரைத் தேடினார்.